'இருக்கிறபடி அல்ல': கிறிஸ்டினா ரொசெட்டியின் 14 வரிகளில் மறைந்திருக்கும் முகம்

"நிலவைப் போல் அழகு, ஒளியைப் போல் களிப்பு." கிறிஸ்டினா ரொசெட்டியின் 'ஓர் ஓவியரின் பணிக்கூடத்தில்' என்ற ஆங்கிலக் கவிதையிலிருந்து இந்த ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்து, செம்பு நிறக் கூந்தலுடைய ஒரு பெண்ணின் ஓவியத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். காதலியின் அழகைப் பாடும் பாட்டு என்றுதான் தோன்றும். முழுக் கவிதையையும் படித்தவருக்கோ குழப்பம் வரும். நிலவும் ஒளியும் வந்த கையோடு, அடுத்த வரியிலேயே காத்திருப்பும் துயரமும் வந்துவிடுகின்றன. கடைசி இரண்டு வரிகள் 'இருக்கிறபடி அல்ல' என்று ஒரே சொற்றொடரில் தொடங்குகின்றன. வாடும் அழகு, இழந்த காதல், நினைவு ஆகியவற்றைப் பற்றிய கவிதை இது என்பார்கள். அப்படியானால் வாடியது யாருடைய அழகு? இழக்கப்பட்டது யாருடைய காதல்? நினைவில் வைத்திருப்பவர் யார், எதை?

கவிதை 14 வரிதான். ஆனால் அது கேட்பது கடினமான கேள்வி: ஒருவரை நேசிப்பதும், அவரைப் பற்றி நாம் மனதில் வரைந்து வைத்திருக்கும் படத்தை நேசிப்பதும் ஒன்றா? இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## யார், எப்போது

விக்டோரியா அரசி பிரிட்டனை ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான ஆண்டுகளை விக்டோரியா காலம் என்கிறோம். அந்தக் காலத்தின் நடுவே, 1848இல், லண்டனில் ஏழு இளைஞர்கள் சேர்ந்து 'ப்ரீ-ரஃபேலைட் சகோதரக் குழு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இத்தாலிய ஓவியர் ரஃபேலுக்குப் பிறகு ஓவியக்கலை வெறும் வாய்பாடாகிவிட்டது. அவருக்கு முந்தையவர்களின் நேர்மைக்குத் திரும்ப வேண்டும். கண்ணுக்கு முன் இருப்பதை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இந்த 'உள்ளது உள்ளபடி' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கவிதை கடைசியில் கைவைப்பது அதன்மேல்தான்.

குழுவின் முக்கியமானவர்களில் ஒருவர் டான்டே கேப்ரியல் ரொசெட்டி (1828–1882). ஓவியர், கவிஞர். அவருடைய தங்கைதான் கிறிஸ்டினா (1830–1894). ஒரு செய்தி இங்கே முக்கியம். கேப்ரியல் தன் தொடக்ககால ஓவியங்களில் கன்னி மரியாளை வரைந்தபோது, மாடலாக உட்கார்ந்தவர் கிறிஸ்டினாவே. அசையாமல் உட்கார்ந்து இன்னொருவரின் கண்ணுக்குப் புனிதராக மாறுவது எப்படியிருக்கும் என்று அவருக்கு உடம்பாலேயே தெரியும். எட்டி நின்று விமர்சனம் செய்தவர் அல்லர்.

மூன்றாமவர் எலிசபெத் சிடல் (1829–1862). பெண்களுக்கான தொப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த உழைக்கும் வர்க்கத்துப் பெண். 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த ஓவியர்களின் மாடலானார். சில ஆண்டுகளிலேயே கேப்ரியல் ஒருவருக்கே மாடல் என்ற நிலை வந்தது. இருவரும் காதலித்தார்கள். திருமணமோ 1860 மே மாதம் வரை தள்ளிக்கொண்டே போனது.

கிறிஸ்டினா இந்தக் கவிதையை எழுதியது 1856 டிசம்பர் 24 அன்று. அதாவது அந்தக் காத்திருப்பின் நடுவில். அச்சில் வந்தது 1896இல், 40 ஆண்டு கழித்து. அதற்குள் சிடல், கேப்ரியல், கிறிஸ்டினா மூவருமே இறந்துவிட்டார்கள். தொகுப்பைப் பதிப்பித்த இன்னொரு சகோதரர் வில்லியம் மைக்கேல், இது கேப்ரியலின் பணிக்கூடத்தையும் அவர் திரும்பத் திரும்ப வரைந்த சிடலின் முகத்தையும் குறிப்பதாகத் தெரிகிறது என்று குறிப்பு எழுதினார். கவிதைக்குள் பெயர் எதுவும் இல்லை. 'அவன்', 'அவள்', 'நாம்' ஆகிய மூன்று பேர் மட்டும்.

## வரி வரியாக

1. வரி 1, 2. அவனுடைய எல்லா கேன்வாஸ்களிலிருந்தும் ஒரே முகம் வெளியே பார்க்கிறது. ஒரே உருவம் உட்கார்கிறது, நடக்கிறது, சாய்கிறது. 'வெளியே பார்க்கிறது' என்ற சொல்லைக் கவனியுங்கள். சன்னலுக்கு உள்ளே இருப்பவர்தான் வெளியே பார்ப்பார். அடைபட்டவரும் அப்படித்தான் பார்ப்பார்.

2. வரி 3, 4. அந்தத் தடுப்புத் திரைகளுக்குப் பின்னால் அவள் மறைந்திருக்கக் கண்டோம். அங்கிருந்த கண்ணாடி அவள் எழில் முழுவதையும் திருப்பித் தந்தது. யார் இந்த 'நாம்'? பணிக்கூடத்தைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். படிக்கும் நம்மையும் சேர்த்து. அவர்கள் கண்டது அந்தப் பெண்ணையா, திரைக்குப் பின் அடுக்கி வைத்திருந்த ஓவியங்களையா? கவிதை வேண்டுமென்றே தெளிவாகச் சொல்லவில்லை. உயிருள்ளவர் எது, படம் எது என்ற எல்லை நாலாம் வரியிலேயே கரைந்துவிடுகிறது.

3. வரி 5 முதல் 8 வரை. ஒரு படத்தில் இரத்தினச் சிவப்பு உடையில் அரசி. இன்னொன்றில் கோடைப் பச்சை உடுத்திய, பெயரில்லாத பெண். வேறொன்றில் புனிதை, தேவதை. ஆனால் எல்லாப் படங்களுக்கும் பொருள் ஒன்றே, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேடம் மாறுகிறது, உள்ளே இருப்பவள் மாறுவதில்லை. மாற அவளுக்கு அனுமதி இல்லை.

4. வரி 9. இங்கேதான் கவிதை திரும்புகிறது. அவன் இரவும் பகலும் அவள் முகத்தை 'உண்கிறான்'. ஆங்கிலத்தில் இந்தச் சொல் புல் மேயும் மாட்டுக்கும் வரும், உடம்பைத் தின்னும் நோய்க்கும் வரும். 'கண்ணாலேயே தின்கிறான்' என்று நாமும் சொல்கிறோமே, ஏறத்தாழ அதே உணர்ச்சி. பசி இவனுக்கு. இரை அவள்.

5. வரி 10, 11. அவளோ உண்மையும் கனிவும் உள்ள கண்களால் அவனைத் திரும்பிப் பார்க்கிறாள், நிலவைப் போல் அழகாக, ஒளியைப் போல் களிப்பாக. பார்க்கும் இந்த 'அவள்' ஓவியத்தில் இருப்பவள். அவனே வரைந்த கண்கள் அவனையே கனிவோடு பார்க்கின்றன. பிரபலமான அந்த நிலவு வரி இந்த இடத்துக்கு உரியது. புகழப்படுவது வண்ணப்பூச்சு.

6. வரி 12 முதல் 14 வரை. காத்திருந்து வெளிறியவளாக அல்ல. துயரத்தில் மங்கியவளாக அல்ல. இருக்கிறபடி அல்ல, நம்பிக்கை ஒளிர்ந்த காலத்தில் இருந்தபடி. இருக்கிறபடி அல்ல, அவன் கனவை நிறைக்கிறபடி.

## 'அல்ல' என்று சொல்லி உள்ளே கொண்டுவருவது

கவிதையின் கைத்திறன் இந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது. உண்மையான பெண் எப்படி இருக்கிறாள் என்று நேராக ஒரு வார்த்தை கூட இல்லை. ஓவியத்தில் எது *இல்லை* என்று மட்டுமே சொல்லப்படுகிறது. வெளிறல் இல்லை, துயரம் இல்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்வதற்காக அந்தச் சொற்கள் கவிதைக்குள் நுழைந்துவிடுகின்றன. நுழைந்த பிறகு அவற்றை வெளியேற்ற முடியாது. படத்துக்கு வெளியே எங்கோ ஒரு பெண் வெளிறி, மங்கி உட்கார்ந்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவளைக் கண்ணால் பார்க்காமலேயே.

காத்திருந்து வெளிறுவதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரே சொல்: பசலை. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று ஒரு முழு அதிகாரமே அதற்கு உண்டு. விளக்கு எப்போது அணையும் என்று இருள் காத்திருப்பதுபோல், தலைவனின் தழுவல் எப்போது விலகும் என்று பசலை காத்திருக்கிறது என்கிறது 1186ஆம் குறள். நம் அகப்பாடல்களில் தலைவி தன் பசலையைத் தானே சொல்வாள், அல்லது தோழி சொல்வாள். தலைவனுக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே சொல்வார்கள். கிறிஸ்டினாவின் கவிதையில் அந்தப் பெண்ணுக்கு வாய் இல்லை. தோழியின் இடத்தில் நிற்பது கவிஞர் ஒருவரே. அவரும் ஓவியனிடம் பேசவில்லை, நம்மிடம்தான் பேசுகிறார்.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். இது இத்தாலிய வகைச் சானெட். சானெட் என்றால் 14 வரிக் கவிதை. இத்தாலிய வகையில் முதல் எட்டு வரி ஒரு பகுதி, அடுத்த ஆறு வரி ஒரு பகுதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு திருப்பம். 14ஆம் நூற்றாண்டில் பெட்ரார்க் என்ற கவிஞர் லாரா என்ற பெண்ணைப் புகழ்ந்து எழுதிப் பெரும்பெயர் பெறச்செய்த வடிவம் அது. ஆண் பேசுவான், பெண் அழகாக இருப்பாள், பதில் சொல்லமாட்டாள். அந்த வடிவத்தையே கையிலெடுத்து, பார்க்கிற ஆணை ஒரு பெண் பார்ப்பதாக மாற்றிவிட்டார் கிறிஸ்டினா. 1881இல் இதே எண்ணத்தை இன்னும் விரித்து, பெயர் தெரியாத ஒரு பெண்ணே பேசுவதாக 14 சானெட்டுகள் கொண்ட தொடர் ஒன்றை வெளியிட்டார். புகழப்பட்ட அந்தப் பெண்கள் தாமே பேசியிருந்தால், நமக்குக் கிடைத்திருக்கும் சித்திரம் கம்பீரம் குறைந்தாலும் கனிவு கூடியிருக்கும் என்று அதன் முன்னுரையில் எழுதினார்.

இன்னொரு நுட்பம் காதுக்கு மட்டும் தெரிவது. தமிழில் வரியின் கடைசியில் ஒலி ஒத்துவருவதை இயைபு என்போம். இந்தக் கவிதையின் பின்பகுதியில் ஒன்றுவிட்டு ஒரு வரி இயைபு வருகிறது. 10ஆம் வரி 'ஹிம்' என்று முடிகிறது. 12ஆம் வரி 'டிம்' என்று முடிகிறது. காது அடுத்த 'இம்' ஒலிக்காகக் காத்திருக்கும்போது 14ஆம் வரி 'ட்ரீம்' என்று முடிகிறது. குறில் எதிர்பார்த்த இடத்தில் நெடில். ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. அந்தச் சொல்லின் பொருள் 'கனவு'. அவனுடைய கனவு மட்டும் மற்ற வரிகளோடு முழுதாக இசையவில்லை. தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லலாம். ஒலியில் இவ்வளவு கவனமுள்ள ஒருவர் கடைசிச் சொல்லைக் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

## படத்துக்கு வெளியே இருந்தவர்

கவிதைக்கு வெளியே வந்தால், சிடலின் வாழ்க்கை இந்த வரிகளுக்கு உரை எழுதியதுபோல் இருக்கிறது.

ஜான் எவரெட் மில்லே 1852இல் காட்சிக்கு வைத்த 'ஒஃபீலியா' ஓவியத்துக்காக, நீரில் மிதக்கும் பெண்ணாகச் சிடல் ஒரு குளியல் தொட்டியில் முழு உடையோடு படுத்திருந்தார். தண்ணீர் சூடாக இருக்கத் தொட்டிக்கு அடியில் விளக்குகள் எரிந்தன. ஒருநாள் விளக்குகள் அணைந்தன. மில்லே வரைவதில் மூழ்கியிருந்தார், கவனிக்கவில்லை. சிடல் எதுவும் சொல்லவில்லை, குளிர்ந்த நீரிலேயே கிடந்தார். கடும் காய்ச்சல் வந்தது. மருத்துவச் செலவுக்காக 50 பவுண்டு கேட்டு வழக்குப் போடுவேன் என்று அவருடைய தந்தை எழுத, செலவை மில்லே ஏற்றுக்கொண்டார். ஒஃபீலியாவின் முகத்தில் இன்றும் நோய் தெரியாது.

1855இல் ஃபோர்ட் மேடாக்ஸ் பிரவுன் என்ற ஓவியர் தன் நாட்குறிப்பில், கேப்ரியல் ஓர் இழுப்பறை நிறையச் சிடலின் கோட்டோவியங்களை வைத்திருந்ததைக் குறிப்பிடுகிறார். எத்தனை என்று கடவுளுக்கே வெளிச்சம். இது ஒற்றைப் பித்து போல் இருக்கிறது என்கிறார். பல படங்கள் இணையற்ற அழகு என்றும் சேர்த்துக்கொள்கிறார். இரண்டும் உண்மை. அதே ஆண்டில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், சிடலின் சொந்த ஓவியங்களுக்காக ஆண்டுக்கு 150 பவுண்டு தர ஏற்பாடு செய்தார். ஆம், சிடலும் ஓவியர், கவிஞர். வெளியே பார்க்கும் அந்த முகத்துக்குப் பின்னால் தூரிகை பிடித்த கை ஒன்று இருந்தது.

கேப்ரியலைக் கொடியவராகக் காட்டுவது எளிது. கவிதை அப்படிச் செய்யவில்லை, நாமும் செய்ய வேண்டியதில்லை. அவர் நேசித்தார் என்பதில் சந்தேகம் இல்லை. நேசம் உண்மையாக இருந்தும் எதிரில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும் என்பதுதான் கவிதை காட்டும் வேதனை.

## கனவு நிலைத்தால் என்ன ஆகும்

1856இல் எழுதிய வரிகள் பின்னால் நடந்தவற்றில் எப்படி நீள்கின்றன என்று பார்ப்போம்.

1. திருமணமான மறு ஆண்டு, 1861இல், சிடலுக்குப் பெண்குழந்தை இறந்து பிறந்தது. 1862 பிப்ரவரி 11 அன்று அளவுக்கு மீறிய லாடனம் உட்கொண்டு சிடல் இறந்தார். லாடனம் என்பது அபினைச் சாராயத்தில் கரைத்த மருந்து; வலிக்கும் தூக்கமின்மைக்கும் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. விசாரணையில் விபத்து என்று தீர்ப்பானது. வயது 32.

2. கேப்ரியல் தன் கவிதைகளின் கையெழுத்துப் பிரதியைச் சவப்பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தார். 1869 அக்டோபரில் அதே பிரதிக்காக ஹைகேட் கல்லறை தோண்டப்பட்டது. அவர் நேரில் போகவில்லை. 1870இல் கவிதைகள் நூலாயின. தோண்டியபோது உடல் அழகு குலையாமல் இருந்தது, கூந்தல் வளர்ந்து பெட்டியை நிறைத்திருந்தது என்று ஒரு கதை பரவியது. இறந்த உடலில் முடி வளராது. கல்லறைக்குள்ளும் அவரை 'இருக்கிறபடி' விட்டுவைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

3. மனைவி இறந்த பிறகு, பழைய கோட்டோவியங்களை வைத்து 'பெயாட்டா பியாட்ரிக்ஸ்' என்ற ஓவியத்தை வரைந்தார். 1864ஐ ஒட்டித் தொடங்கி 1870இல் முடித்தார். இன்று லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. கண்மூடிய பெண்ணின் கைகளில் ஒரு சிவப்புப் பறவை பூ ஒன்றைக் கொண்டுவந்து போடுகிறது. அபின் செடியின் பூ. சாவுக்குக் காரணமானதுகூட அந்தப் படத்தில் அலங்காரமாகிவிட்டது.

4. 'லேடி லிலித்' என்ற ஓவியத்தை 1860களில் ஃபேனி கார்ன்ஃபோர்த் என்ற மாடலின் முகத்தோடு வரைந்து முடித்தார். 1872–73இல் அந்த முகத்தை எடுத்துவிட்டு அலெக்ஸா வைல்டிங் என்ற இன்னொரு மாடலின் முகத்தை அதில் வரைந்தார். உடையும் கூந்தலும் கண்ணாடியும் அப்படியே இருக்க, முகம் மட்டும் மாறியது. எல்லாப் படத்துக்கும் பொருள் ஒன்றே என்ற எட்டாம் வரிக்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது.

கிறிஸ்டினா தன் 18ஆம் வயதில் எழுதிய இன்னொரு சானெட்டில், இறக்கப்போகும் பெண் காதலனிடம் சொல்கிறாள்: நினைத்துத் துயரப்படுவதைவிட மறந்து புன்னகைப்பது எவ்வளவோ மேல். ஆகவே நினைவின்மேல் அவருக்கு வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நினைவு யாருக்காக என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்பது. அங்கே நினைவைவிட நினைப்பவனின் நலம் பெரிது என்று பெண் விட்டுக்கொடுக்கிறாள். இங்கே நினைப்பவன் விட்டுக்கொடுக்கவே இல்லை.

## முகத்தின் சொந்தக்காரர் சொன்னது

வாடும் அழகைப் பற்றிச் சிடலும் எழுதியிருக்கிறார். அவருடைய கவிதைகள் அவர் இறந்த பிறகே அச்சேறின. 'கண்களின் இச்சை' என்ற கவிதையில் அவர் ஓர் ஆணின் குரலை எடுத்துக்கொள்கிறார். என் தலைவியின் புன்னகையை வழிபடுகிறேன், ஆனால் அவள் ஆன்மாவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அழகின் மயக்கு தீர்ந்தபின் அவள் எங்கே போய்ச் சேர்ந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்கிறது அந்தக் குரல். கிறிஸ்டினா வெளியிலிருந்து கண்டதை, திரைக்குப் பின்னால் இருந்தவர் எந்தப் போர்வையும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

1850களின் முதற்பாதியில் சிடல் தன் முகத்தைத் தானே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். சிறிய வட்ட வடிவப் படம். அரசி உடை இல்லை, ஒளிவட்டம் இல்லை. கூந்தல் அலையலையாக விரிந்து கிடக்கவில்லை, வாரிக் கட்டியிருக்கிறது. இமைகள் கனத்திருக்கின்றன, உதடுகள் இறுகியிருக்கின்றன, தோல் சோகை பிடித்ததுபோல் இருக்கிறது. கேப்ரியலே அதை வியந்து நண்பர் ஒருவருக்கு எழுதினார். அவருடைய படங்களில் அந்தப் பெண் பெரும்பாலும் கண்ணைத் தாழ்த்தியிருப்பார், அல்லது எங்கோ பார்த்திருப்பார். இந்தப் படத்தில் நேராகப் பார்க்கிறார்.